பாத்தி குறுக்கா, நெடுக்கா?

செமினியில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால், மழைநீர்க் குளத்தை ஒட்டி ஒரு காலி இடம் இருக்கிறது. ரொம்ப நாளாகக் கொசுவும் உடைந்த சோபாவுமாகக் கிடந்ததைப் போன மாதம் இயந்திரம் விட்டுச் சுத்தம் செய்தார்கள். காய்கறித் தோட்டம் போடப் போகிறோம், விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுங்கள் என்று அறிவிப்பு வந்தது. முழங்கால் வலிக்காரர்களான நாம்தானே இதற்கெல்லாம் முதலில் ஓடுவோம். நானும் பெயர் கொடுத்தேன்.

போன ஞாயிறு எல்லாரும் அந்த வெறும் மண்ணைச் சுற்றி நின்றோம். குடியிருப்போர் சங்கத் தலைவர், சின்ன வயசுப் பிள்ளை, என்னைப் பார்த்துக் கேட்டான்:

“ஆன்டி, நீங்க எஸ்டேட்ல வளந்தவங்கதானே? சொல்லுங்க லா. பாத்தி குறுக்கப் போடலாமா, நெடுக்கப் போடலாமா?”

எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள். “நீங்களே பாத்துப் போடுங்க தம்பி, நான் அடுப்புல பால் வச்சுட்டு வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பால் வைக்கவே இல்லை. ஆனால் வந்ததும் முதல் வேலையாக, ஒருவேளை வைத்திருப்பேனோ என்று அடுப்படியில் போய்ப் பார்த்தேன். என் சுபாவம் அப்படி.

ஒரு பாத்திக்கு இவ்வளவு பயமா என்று என் மகளே கேட்டாள். அவளுக்குச் சொல்லிப் புரியவைக்கத் தெரியவில்லை. நம்ம வயசுக்காரர்களுக்குச் சொன்னால் புரியும் என்று தோன்றியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கிள்ளானுக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருந்தோம். நான் ஆறாம் வகுப்பு முடிக்கிற சமயத்தில் அதை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார்கள். உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் இது நடந்திருக்கும். லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுக் காப்பார் பக்கம் ஒரு கம்பத்துக் கிராமத்தில் பலகை வீட்டுக்குக் குடிவந்தோம். அப்பா, அம்மா, நான், அம்மாவின் இடுப்பை விட்டு இறங்காத தம்பி. பள்ளிக்கூடம் தூரம் என்று என் படிப்பு அதோடு நின்றது.

அப்பாவுக்கு எஸ்டேட்டில் நிரை பிடிக்கிற வேலை. புதிதாகக் கன்று நடுவதற்கு முன்னால் வெட்டவெளியில் கயிறு கட்டி, குச்சி அடித்து, ஒவ்வொரு கன்றுக்கும் இடம் குறிப்பது. அப்பா குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாரென்றால் ஒரு விரற்கடைக் கோணல்கூடத் தப்பாது. நிரை எப்போதும் ரோட்டில்தான் ஆரம்பிக்கும். ஏனென்றால் துரை ஜீப்பை ரோட்டில் நிறுத்திவிட்டு அங்கிருந்துதான் பார்ப்பார். கன்று நட்ட காட்டின் ஓரத்தில் துரை இறங்கி நடப்பதற்கு ஒரு பாதையும் விட்டிருக்கும், வீட்டு வாசல் மாதிரி சுத்தமாக. ஒருமுறை ஒரு துரை அந்தப் பாதையில் கடைசிவரை நடந்துபோய்த் திரும்பி வந்து, அப்பா தோளில் கைவைத்து ஏதோ இங்கிலீஷில் சொன்னாராம். என்ன சொன்னார் என்று அப்பாவுக்கும் தெரியாது. ஆனால் அதை எங்களுக்குச் சொல்லாத மாதம் கிடையாது.

தண்ணீர் விஷயம் அப்பாவுக்குச் சம்பந்தமில்லாதது. கான், அதாவது வடிகால், வெட்டுகிற ஆட்கள் தனி. மண் எந்தப் பக்கம் சரிகிறது, மழை பெய்தால் தண்ணீர் எங்கே இறங்கும் என்பதெல்லாம் அவர்கள் பாடு. அவர்கள் வந்து வெட்டுவார்கள், போவார்கள். அப்பா அவர்கள் வேலையில் தலையிட்டதில்லை, அவர்களும் அப்பாவின் கயிற்றைத் தொட்டதில்லை. அந்தக் காலத்து எஸ்டேட் வேலையே அப்படித்தான். ஆளுக்கு ஒரு துண்டு. முழு வேலையும் தெரிந்தவர் துரை ஒருவர்தான் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அம்மாவின் தம்பி, என் மாமா, பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார். நாங்கள் காப்பாருக்கு வந்த கொஞ்ச நாளிலேயே மோட்டார் சைக்கிளில் வந்து பேசினார்.

“மச்சான், ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்கு. வாங்க. தெரிஞ்ச சாப்பாட்டுக் கடையில ஆள் கேக்கறாங்க. இங்க என்ன இருக்கு? கொசுதான் இருக்கு.”

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அப்பாவுக்குப் பெண்ணெடுத்த வீட்டில் போய் ஒண்டுவது என்றால் நெருப்பை மிதிக்கிற மாதிரி. கம்பத்து நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கும் தன் தம்பி பெண்டாட்டியின் அடுப்படியில் ஓரமாக நிற்க ஆசையில்லை. அவர்தான் பேச்சை முடித்துவைத்தார்.

“கரெண்டுக் கம்பிக்குக் கீழ நெலம் கெடக்குடா. எல்லாரும் போடுறாங்க. தீபாவளி வரைக்கும் பாக்கறோம். கீரை, காய்ன்னு ஏதாச்சும் கை கொடுத்தா இங்கேயே எங்க பாட்டுக்கு இருந்துக்கறோம். இல்லேன்னா ஒன்கூட வந்துர்றோம். அதுக்கப்புறம் நானே ஒரு வார்த்தை பேசமாட்டேன்.”

அப்பா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். எங்கள் வீடு எங்கள் வீடாக இருக்குமா, இல்லை மாமா வீட்டில் ஒரு ரூமாக ஆகுமா என்பது அந்த மண்ணில் போய் நின்றது.

பெரிய மின்கம்பிகள் போகிற தடத்துக்குக் கீழே யாரும் வீடு கட்ட முடியாது. அதனால் அங்கே அவரவர் கைக்கு எட்டினதை வெட்டித் தோட்டம் போட்டிருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது லாலான் புல் ஆளுயரத்துக்கு நின்ற ஒரு துண்டு. அப்பாவும் அம்மாவும் அதை வெட்டிக் குவித்துக் கொளுத்தினார்கள். அந்தப் புகை வாசனை எங்கள் துணியை விட்டுப் போகவே இல்லை. வேரைக் கிளறி எடுக்கும்போது ஒரு இனிப்பு வாடை வரும். கரும்பு மாதிரி தம்பி அதை வாயில் வைத்துச் சப்புவான். தலைக்கு மேலே கம்பி எந்நேரமும் ‘ங்ங்’ என்று இரைந்துகொண்டிருக்கும். மழை வருகிற நாளில் அந்தச் சத்தம் கூடும். அது எங்கள் தலையில் விழுந்துவிடும் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். விழவில்லை. நான் பயந்த எதுவும் அங்கே நடக்கவில்லை; பயப்படத் தெரியாத ஒன்றுதான் நடந்தது.

நிலம் எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். முன்னால் ரோடு. பின்னால் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோப்பு. இரண்டும் மேட்டில். இடது கைப்பக்கம், எங்கள் நிலத்தை ஒட்டியே, ஒரு பெரிய கான். அது நேரே கடலுக்குப் போகிறது. கடல் ஏறினால் கானில் தண்ணீர் ஏறும், கடல் இறங்கினால் வடியும். எங்கள் மண் அந்தக் கானைப் பார்த்துக் கொஞ்சமாகச் சரிந்திருந்தது. கொஞ்சம்தான். ஒரு கோலிக்குண்டை வைத்தால் யோசித்து யோசித்து உருளும், அந்த அளவுக்கு.

கானுக்கு அந்தக் கரையில் இருந்த பக்கத்துத் தோட்டம் ஒரு சீன ஆன்டியுடையது. அவர் பாத்திகள் எல்லாம் குறுக்கே கிடந்தன. பாத்திக்குப் பாத்தி நடுவில் உள்ள வாய்க்கால் ஒவ்வொன்றும் வாயைப் பெரிய கானில் வைத்திருக்கும். ரோட்டிலிருந்து பார்த்தால் அழகில்லை. ஒன்றின் முதுகுக்குப் பின்னால் ஒன்றாக, மாடுகள் படுத்துக் கிடப்பதுபோல் இருக்கும்.

அப்பா முதல்நாளே மூங்கில் குச்சிகளுக்குச் சுண்ணாம்பு பூசிக் காயவைத்துவிட்டார். உரச்சாக்கு நூலைத் திரித்துக் கயிறு. “பெரியவளே, வா” என்று என்னை ரோட்டோரம் நிறுத்திக் கயிற்றின் ஒரு முனையைக் கையில் கொடுத்தார். மறுமுனையோடு பின்னால் செம்பனை வரைக்கும் போய்க் குந்தி உட்கார்ந்தார்.

அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இங்க பாருங்க. கயிறு இந்தப் பக்கமா போவுது?”

“வேற எந்தப் பக்கம் போவும்? ரோட்டுலேருந்துதான் புடிக்கணும்.”

“பக்கத்துல அவங்க குறுக்கால்ல போட்டிருக்காங்க.”

“அவங்க போட்டிருக்கறத ரோட்டுல நின்னு பாத்தியா? எனக்கே வெக்கமா இருக்கு.”

“தண்ணி வந்தா கானுக்குப் போவணுமே?”

“தண்ணி தானா போய்க்கும். பெரியவளே, கைய ஆட்டாத!”

நான் கையை ஆட்டவில்லை. மூச்சைக்கூட ஆட்டாமல் நின்றேன். கயிறு தளர்ந்தால் என்னால் நிரை கெட்டுவிடும் என்று உள்ளங்கை வேர்த்து நின்றது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அம்மா இன்னொரு தரம் ஏதோ சொல்ல வந்தார். அப்பா ஒரு கண்ணை மூடிவிட்டார். அதற்கப்புறம் எதுவும் கேட்காது.

சீன ஆன்டியும் கானின் எதிர்க் கரையில் வந்து நின்று பார்த்தார். தலையில் பெரிய ஓலைத் தொப்பி. மண்ணைக் காட்டி, கானைக் காட்டி, “ஆயெர் மானா லாரி?” என்று கேட்டார். தண்ணீர் எங்கே ஓடும் என்று கேட்கிறார். அப்பாவுக்கு மலாய் அவ்வளவாக வராது. ஆனாலும் பெருமையோடு கயிற்றைக் காட்டி, “லுருஸ்! தெங்கோ, லுருஸ்!” என்றார். நேராக இருக்கிறது பார் என்று அர்த்தம்.

அந்தம்மா சிரித்துவிட்டார். “லுருஸ், லுருஸ். ஆயெர் தா தாவ் லுருஸ்” என்றபடி தன் வேலையைப் பார்க்கப் போனார். தண்ணீருக்கு நேர் கோணல் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போகிறார். அப்பாவும் சிரித்தார், பாராட்டிவிட்டுப் போகிறார் என்று. அம்மா சிரிக்கவில்லை.

பாத்திகளெல்லாம் ரோட்டிலிருந்து செம்பனை வரைக்கும் நெடுக்க விழுந்தன. இடதுபக்கம், கானுக்கும் கடைசிப் பாத்திக்கும் நடுவில், அப்பா ஒரு பாதை விட்டார். வெட்டிய மண்ணையெல்லாம் அதன்மேல் கொட்டி, பலகையால் தட்டித் தட்டி, இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற அகலத்துக்கு மேடாக மெத்தினார். காய்ந்ததும் சிமெண்டுத் தரைபோல் ஆனது. சரிவுக்குக் கீழே, கானுக்கு முன்னால், ஒரு அணை மாதிரி. அப்போது எங்களில் யாரும் அதை அணை என்று சொல்லவில்லை. பாதை என்றுதான் சொன்னோம்.

அம்மாவுக்குக் கங்கோங் கீரை போட ஆசை. போட்டால் சில வாரத்தில் வெட்டலாம், பாசார்ச் சந்தையில் உடனே விற்றுப்போகும். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “கங்கோங் நிரையில நிக்காது. இஷ்டத்துக்கு ஓடும்” என்றார். வெண்டை, கத்திரி, மிளகாய், பயிற்றங்காய். அதுதான் நட்டோம். அம்மா வீம்புக்கு வலது ஓரத்தில் கொஞ்சம் கங்கோங் தண்டைச் செருகிவைத்தார். அப்பா பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, தோட்டம் வளர்ந்தது. வெயில் காலம். பால் டின்னில் ஆணியடித்து ஓட்டை போட்டு, கானிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றுவோம். காய்ந்த மண்ணில் முதல் தண்ணீர் விழுகிற வாசனையை இப்போது எந்த நர்சரியிலும் நான் பார்க்கவில்லை. வெண்டைப்பூ மஞ்சளாக ரோட்டிலிருந்து செம்பனைவரை ஒரே கோட்டில் நிற்கும். சைக்கிளில் போகிறவர்கள் இறங்கிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அப்பா அப்போது பாதையின் தலைப்பில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு.

மாமாவும் வந்து பார்த்தார்.

“என்ன மச்சான், இது கத்திரித் தோட்டமா, கவர்னர் தோட்டமா? பாதையெல்லாம் போட்டு வச்சிருக்கீங்க! ரிப்பன் வெட்டப் போறது யாரு?”

“ஒன்னத்தான் கூப்பிடப் போறேன் மாப்ள, கத்தரிக்கோல் நீயே கொண்டாந்துரு” என்று அப்பா சொன்னார். எல்லாரும் சிரித்தோம். மாமா போகும்போது முதல் வெண்டைக்காயைப் பறித்து ஒரு பையில் கட்டிக் கொடுத்தார் அப்பா. கொடுக்கிற கை அவருடையதாக இருந்தது. அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒருத்தர்மேல் ஒருத்தர் கோபப்படவே இல்லை.

பிறகு மழை பிடித்தது. நம்ம ஊர் தீபாவளி மழை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் பாத்திகளுக்கு நடுவே ஈரம். பிறகு நீளமாகத் தண்ணீர்க் கோடுகள். வானம் அதில் துண்டு துண்டாகத் தெரிந்தது. “பாரு, தண்ணிகூட நேரா நிக்குது” என்றார் அப்பா. விளையாட்டாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கடல் பெரிதாக ஏறின நாள் மழையும் சேர்ந்துகொண்டது. கான் நிறைந்து நின்றது. யாருடைய தோட்டத்திலும் தண்ணீர் இறங்க வழியில்லை. எல்லாருடையதும் ஒன்றாக மூழ்கிக் கிடந்ததில் ஒரு ஆறுதல்கூட இருந்தது. மறுநாள் காலையில் மழை விட்டு, கடல் இறங்கி, கானும் மடமடவென்று வடிந்தது. சீன ஆன்டியின் வாய்க்கால்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கானுக்குள் தண்ணீரைத் துப்பின. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் பாத்திகள் கறுப்பாக மேலே வந்துவிட்டன.

எங்களுடையது அசையவில்லை. தட்டில் ஊற்றிய ரசம் மாதிரி அப்படியே நின்றது. தண்ணீர் பாதைவரைக்கும் வந்து, பாதையில் முட்டி, நின்றிருந்தது. அந்தப் பக்கம் கான் காலியாக இருக்கிறது. நடுவில் அப்பாவின் பாதை.

அம்மா தம்பியை என்னிடம் கொடுத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார். பாதைமேல் ஏறினார். அப்பா எங்கிருந்தோ ஓடிவந்து அவர் முன்னால் நின்றார்.

“வேணாம்.”

“ஒரே ஒரு வாய் வெட்டினாப் போதுங்க. அப்புறம் அடைச்சுக்கலாம்.”

“பாதைய வெட்டாதன்னு சொல்றேன்ல.”

“இந்தப் பாதையில யாருங்க வரப்போறா?”

அப்பா திரும்பி ரோட்டைப் பார்த்தார். ரோட்டில் கம்பத்து ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீன ஆன்டி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பார்க்கவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றார். யார் வரப்போகிறார்கள் என்று அப்பா அதற்கு முன்னால் ஒருநாள்கூட நினைத்துப் பார்த்திருக்கமாட்டார் என்று எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது. பாதை விட வேண்டும், விட்டார். வருகிறவர் வருவார்.

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுப் பால் டின்னை எடுத்தார். குனிந்து, தண்ணீரை மொண்டு, பாதைக்கு மேலாகக் கானில் வீசினார். இன்னொரு டின்னை நான் எடுத்தேன். கொஞ்சநேரம் கழித்து அப்பாவும் வாளியோடு இறங்கினார்.

வெட்டியிருந்தால் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வடிந்திருக்கும். நாங்கள் மொண்டு ஊற்றினோம். முதுகு பிடித்துக்கொண்டது. கைவிரல் ஊறி வெளுத்தது. தம்பி பாதைமேல் உட்கார்ந்து, விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டினான். பாத்தி முதுகு கொஞ்சம் தெரிய ஆரம்பித்தபோது, தலைக்கு மேலே கம்பி சத்தம் கூடியது. மழை திரும்பவும் வந்துவிட்டது. அம்மா டின்னோடு அப்படியே நின்றார். அப்பா மட்டும் மழையில் மொண்டுகொண்டே இருந்தார்.

மிளகாய்தான் முதலில் தலையைத் தொங்கப்போட்டது. பிறகு கத்திரி. வேரைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்தது, அழுகின வாடையோடு. வெண்டை இலை மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழுந்தது. ஓரத்தில் அம்மா செருகின கங்கோங் மட்டும் தண்ணீரைக் கண்ட சந்தோஷத்தில் பாத்தி, வாய்க்கால் பேதமில்லாமல் தோட்டம் முழுக்க ஓடியது. அதை வெட்டிப் பாசாருக்குக் கொண்டுபோகலாம் என்று அம்மா சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. அவர் தோட்டத்துப் பக்கம் போவதை நிறுத்தியிருந்தார்.

அம்மா இன்னும் இரண்டு வார்த்தை கூடச் சொல்லியிருக்கலாமே, நான் கயிற்றைக் கீழே போட்டிருக்கலாமே என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். எங்கே திருப்பிப்போட்டாலும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. எங்கள் யாருக்கும் வேறு மாதிரி செய்யத் தெரிந்திருக்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் மாமா ஒரு சின்ன லோரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவ்வளவு நல்லவர். “மழைக்கு முந்திப் போயிடுவோம் மச்சான்” என்று மட்டும் சொன்னார். சாமான் ஏற்றினோம். பெரிதாக ஒன்றுமில்லை. கட்டில் பலகை, பாய், பாத்திரம், அம்மாவின் தகரப் பெட்டி.

பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸ் எங்களுக்கு அரண்மனை மாதிரி இருந்தது. ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும். பக்கத்துக் கோயில் மணிச்சத்தம், கடைகளில் பூ வாசனை. அத்தை, அதாவது மாமாவின் மனைவி, எங்களுக்கென்று ரூமைக் கூட்டித் துடைத்து வைத்திருந்தார். “ஒங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்கண்ணே” என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா தலையை ஆட்டினார்.

அம்மாவும் நானும் தகரப் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து ரூமுக்குள் தூக்கிவந்தோம். ஜன்னலுக்குக் கீழே வைக்கலாம், கதவுக்குப் பின்னால் வைக்கலாம். எங்கே வைத்தாலும் இடம் இருந்தது. அம்மா வாசலில் நின்ற அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

“இந்தப் பெட்டிய எங்க வைக்கட்டும்?”

அப்பா ரூமைப் பார்த்தார். பிறகு கூடத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த மாமாவைப் பார்த்தார்.

“ஒந்தம்பிகிட்டக் கேளு.”

“அவன என்னத்துக்குக் கேக்கணும்? நீங்க சொல்லுங்க. நீங்க சொல்ற எடத்துல வைக்கறேன்.”

அப்பா வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

பெட்டி கனத்தது. என் பக்கத்து வளையம் விரலை அறுத்தது. “அம்மா, எறக்கிடலாம்மா” என்றேன். அம்மா இறக்கவில்லை. “எந்த எடமா இருந்தாலும் சரிங்க. சொல்லுங்க” என்று, அப்பாவுக்கு மட்டும் கேட்கிற குரலில், கெஞ்சுகிற மாதிரி சொன்னார்.

கூடத்திலிருந்து மாமா, “என்னக்கா, பெட்டியா? அந்த மூலையில வச்சுரு அக்கா, அதுதான் தோதா இருக்கும்” என்றார்.

“ஆமா, அதான் சரி” என்றார் அப்பா.